தரிசு என்று பெயர் வாங்கிய புல்வெளி

அவலாஞ்சி பக்கம் போய்வந்த ஒருவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். நீலகிரியின் மேல்பகுதியில் பள்ளத்தாக்குகள் எல்லாம் வெறும் புல்லாகக் கிடக்கின்றனவே, அங்கே மரம் நட்டால் காட்டுப்பூவும் பறவையும் பெருகாதா? மலையைக் கெடுத்தது விவசாயம்தான் என்கிறார்களே, அதை நிறுத்திவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

இரண்டுக்குமே ஆகாது என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழப்பம் முழுக்க ‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: தரிசு. உழுகிறவர் வாயில் தரிசு என்றால் இந்த வருடம் ஓய்வெடுக்கும் நிலம். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் தரிசு என்றால் ஒன்றுக்கும் ஆகாத நிலம். நீலகிரியின் கடந்த இருநூறு வருடக் கதை இந்த இரண்டு தரிசுக்கும் நடுவில்தான் நடந்தது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஊட்டியைத் தாண்டி மேற்கே எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி, முக்கூர்த்தி என்று போகப்போக, 2,000 மீட்டருக்கு மேலே மலை கூராக இல்லாமல் உருண்டு உருண்டு போகும். ஓடை இறங்கும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. குட்டையான, கிளை முறுக்கிய, பாசி போர்த்திய காடு. மடிப்பை விட்டு இரண்டு எட்டு வெளியே வைத்தால் காடு முடிந்து புல் தொடங்கிவிடும். இடையில் புதர், செடி என்று படிப்படியாக எதுவும் இல்லை. கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும் அந்த ஓரம். பள்ளத்தின் அடியில், கால் வைத்தால் அமிழும் சதுப்பு.

முதல்முறை பார்க்கிறவர்கள் யாரோ காட்டை வெட்டிவிட்டதாக நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெட்டியது மனிதன் இல்லை, உறைபனி. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் மேட்டில் நிற்கிறவன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடலாம். கீழே புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்து நிற்கும். சோலை மரத்தின் நாற்று நிழலிலும் ஈரத்திலும் பழகியது. திறந்த வெளியில் ஒரு பனிக்காலத்தைத் தாண்டுவதே அதற்குப் பெரும்பாடு. பனி தப்பினால் காய்ச்சல், அதுவும் தப்பினால் என்றாவது ஒரு வருடம் தீ. புல்லுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, அதன் உயிர் தரைக்குக் கீழே இருக்கிறது. திறந்த புல்லில் தைரியமாக நிற்கும் மரம் என்றால் காட்டுப்பூவரசுதான். ரோடோடெண்ட்ரான் என்று சுற்றுலாப் பலகையில் எழுதியிருப்பார்களே, அது. தடித்த பட்டை, தோல் மாதிரி இலை, பனிக்காலம் முடிகிற சமயத்தில் ரத்தச் சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூ.

இந்தப் புல் எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி சதுப்பிலேயே இருக்கிறது. செத்த புல்லும் பாசியும் முழுதாக மக்காமல் கறுப்பு மண்ணாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதைத் துளைத்தெடுத்து, எந்த ஆழத்தில் எந்தச் செடியின் மகரந்தம், எந்த வகைக் கரிமம் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். வெப்பநிலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் விதம் வேறு வேறு. ஆகவே எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று மண்ணே கணக்கு வைத்திருக்கிறது. 20,000 வருடங்களுக்கு முன்னால், உலகமே குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், இங்கே புல்தான் பரந்து கிடந்திருக்கிறது. மழை கூடியபோது சோலை விரிந்திருக்கிறது, குறைந்தபோது சுருங்கியிருக்கிறது. மனிதன் கோடாரியோடு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிய இழுபறி.

இனி பூ. நீலகிரிப் பூ என்றால் குறிஞ்சி எப்போது பூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்தது 2030. குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் சுற்று வேறு, ஒரே வகைகூட மலைக்கு மலை வருடம் மாறும். ஆகவே ஏதோ ஒரு சரிவில் ஏதோ ஒரு குறிஞ்சி இடையிலும் பூத்துக்கொண்டிருக்கும். பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும், விதையிலிருந்து அடுத்த தலைமுறை எழும். இதற்கு மேல் குறிஞ்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. அந்த ஒரு பூவுக்காகக் காத்திருந்தே, பன்னிரண்டு வருடமும் காலடியில் பூக்கிற மற்றவற்றை மிதித்துவிட்டுப் போகிறோம்.

மழை ஓய்ந்து செப்டம்பர் கடைசியில் வாருங்கள். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, முழங்காலிட வேண்டும். ஒரு புல் குத்தை இரண்டு கையாலும் பிரித்துப் பார்த்தால் வெளியே காய்ந்த தாள், உள்ளே ஈரம். குத்துக்கும் குத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருக்கும். இந்த மலையின் பூவெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சதுப்பின் ஓரத்து மண்ணில் அழுகண்ணி நிற்கும். கருவேப்பிலைக் காம்பு உயரம்தான் இருக்கும். பிறை வடிவச் சிற்றிலைகளின் விளிம்பில் சிவந்த முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசைத்துளி. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கொசு அளவு பூச்சி ஒட்டிக்கொண்டது. அதன் இறக்கை அதிர்வதில் பக்கத்துத் துளிகளும் நடுங்கின. பூச்சியைத் தின்கிற செடி இங்கே ஏன் என்றால், சதுப்பு மண்ணில் செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து மிகக் குறைவு. பக்கத்திலேயே ஊதாவிலும் மஞ்சளிலும் குண்டூசித் தலை அளவு பூக்கள் நிற்கும். அவையும் வேட்டைக்காரர்கள்தான், வேருக்குப் பதிலாக நீரிலும் ஈரமண்ணுக்குள்ளும் சின்னச் சின்னப் பைகளை வைத்துப் பூச்சி பிடிப்பவை.

கொஞ்சம் மேலே சரிவில் ஏறினால் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் தரை ஆர்க்கிட்டுகள். சாட்டீரியம் என்பார்கள். கூட்டமாக நிற்கும்போது யாரோ விதைத்ததுபோல் தெரியும். ஓடைக்கரைகளில் காட்டுக் காசித்தும்பைகள். நம் வீட்டு வாசலில் வைக்கும் காசித்தும்பைக்கு உறவுதான், ஆனால் இந்த மேற்குமலைத் தொடரை விட்டு வேறெங்கும் இல்லாத வகைகள் இங்கே பல. பாறை இடுக்கில், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு முழத்துக்கு மேல் உயர்ந்த தண்டில் வெள்ளைக் குழலாகத் தொங்கும் நீலகிரி லில்லி. வெண்காகிதம் மடித்ததுபோன்ற அனாஃபாலிஸ் பூக்கள் பனிக்காலம் வரை காய்ந்தபடியே நிற்கும்.

இவற்றில் பெரும்பாலானவை கிழங்கையோ அடிக்குருத்தையோ மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, மேல்பாகத்தைப் பனிக்கும் எருமைக்கும் தீக்கும் கொடுத்துவிட்டு அடுத்த மழையில் எழுபவை. ஆனால் வெளிச்சம் இல்லாமல் இவற்றால் இருக்கமுடியாது. ஒரு மரத்தின் நிழல் விழுந்துவிட்டால் போதும். பனியும் தீயும் செய்யமுடியாததை அது இரண்டு மூன்று வருடத்தில் செய்து முடித்துவிடும்.

பறவைக்கும் இதே கணக்குத்தான். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு பறவை. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் நீளம், பழுப்பு உடம்பில் கருங்கோடுகள். படம் எடுத்துப் போட்டால் பத்துப் பேர் விருப்பம்கூடத் தெரிவிக்கமாட்டார்கள். ஆனால் உலகத்தில் மேற்குமலைத் தொடரின் தென்பகுதி உச்சிப் புல்வெளிகளை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் புல் குத்தின் அடியில், தரையிலேயே சின்னக் கிண்ணம்போலக் கூடு கட்டும். சதுப்பும் சரிவும் சேரும் இடம் அதற்குப் பிடித்தம். ஒருமுறை அப்படிப்பட்ட ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அலகில் பச்சைப்புழுவோடு ஒன்று பத்தடி தூரத்தில் வந்து இறங்கியது. நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. நடந்தது, நின்றது, என்னைப் பார்த்தது, வேறு பக்கம் நடந்தது, புல்லுக்குள் மறைந்து நான் எதிர்பார்க்காத இடத்தில் தலையை நீட்டியது. கால்மணி நேரம் இந்த நாடகம். கடைசியில் நான்தான் வெட்கப்பட்டு எழுந்து வந்தேன், குஞ்சு பசியோடு இருக்குமே என்று.

அதே இடத்தில் சாலை போட்டு, மண்ணைக் கொத்திவிட்டால் அங்கே வயல் நெட்டைக்காலி வந்துவிடும். அது நாடெங்கும் இருக்கிற பறவை. நெட்டைக்காலியைப் பார்த்தேன், புல்வெளி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் எந்த நெட்டைக்காலி என்று சொல்லவேண்டும்.

வானம்பாடி இங்கே நிஜமாகவே வானில் நின்று பாடும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகள் புல்லின் தலையைத் தடவியபடி தாழப் பறக்கும். கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு மட்டும் மனிதனோடு சமாதானம் செய்துகொண்ட பறவை, சாலைக்காக வெட்டிய மண்சுவரின் பொந்துகளில் கூடு வைக்கிறது. சோலைக்குள் வேறு கூட்டம். சோலை ஓரத்துக்கு வெளியே வந்து தவிட்டுப்பழமும் முள்ளிப்பழமும் தின்றுவிட்டு, யாரையோ கேலி செய்வதுபோல் கூட்டமாகச் சிரிக்கும் நீலகிரிச் சிரிப்பான். இருட்டில், கீழ்ப்புதரில் தத்தும் நீலநிறச் சோலைச்சிட்டு. இந்தச் சோலைச்சிட்டு இனத்துக்கு 2017இல் தனிப் பேரினமே ஒதுக்கி, நம் ‘சோலை’ என்ற சொல்லை எடுத்து ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு வகை, தெற்கே இன்னொன்று. அந்தப் பள்ளத்தைத் தாண்டாமல் காலகாலமாகப் பிரிந்து வாழ்ந்ததில் வேறு வேறாகிவிட்டன. சிரிப்பான்களுக்கும் அதே வருடத்தில் தனிப் பேரினம் கிடைத்தது.

இப்போது விவசாயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கம் ஏறி வந்தபோது இந்த மலை காலியாக இல்லை. மேட்டுப் புல்வெளிகளில் தோடர்கள், அவர்களுடைய எருமைகள். உதகமண்டலம் என்ற பெயரின் வால் பகுதி, தோடர் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’தான். கிழக்கிலும் நடுவிலும் படுகர்கள், ஹட்டி என்று அவர்கள் சொல்லும் ஊர்கள், சாமை, ராகி, கொறளி, பார்லி. கோத்தர்கள் இரும்பு அடித்து, பானை வனைந்து, விசேஷங்களுக்கு வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர்கள் கீழ்க்காட்டிலிருந்து தேனும் மற்றப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். படுகர் வயலில் முதல் விதையைக் குறும்பப் பூசாரி கையால் போடச்சொல்லும் வழக்கமும் இருந்தது. நெய்க்குத் தானியம், தானியத்துக்குக் கலப்பைக் கொழு என்று பண்டமாற்றில் நடந்த வாழ்க்கை. ரொம்பவும் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. ஒருவரை ஒருவர் கண்டு பயந்ததும் உண்டு, மேல் கீழ் பார்த்ததும் உண்டு.

தோடர்கள் உழமாட்டார்கள். அவர்களுடைய வேலை எருமை. தோட எருமை தனி இனம். பரந்து வளைந்த கொம்பு, முரட்டுக் குணம், புலியைக் கண்டாலும் வட்டம் கட்டி நிற்கும் என்பார்கள். ஒரே இடத்தில் மேய்ப்பதில்லை. வறண்ட மாதங்களில் மேற்கே குந்தா பக்கத்து ஈரப் புல்வெளிகளுக்கு மந்து மாறிவிடுவார்கள். எருமைக்கு உப்பு ஊட்டுவதே ஒரு சடங்கு. காய்ந்த புல்லை அங்கங்கே துண்டு துண்டாகக் கொளுத்திவிடுவார்கள், பின்னால் துளிர் வரும். வீட்டுக்கும் கோயிலுக்கும் கூரை வேய்வது இந்த மேட்டு நிலத்துக்கே உரிய ஒரு சதுப்புப் புல்லால்; அந்தப் புல்லுக்காகவே சதுப்பைக் கெடாமல் வைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். எருமை மேய்ந்த இடத்தில் புல் உயரம் குறையும், குத்துக்கு நடுவே வெளிச்சம் விழும். நான் மேலே சொன்ன உள்ளங்கை அகல இடைவெளி நினைவிருக்கிறதா? அதைத் திறந்து வைத்திருந்ததில் எருமை வாய்க்கும் பங்கு உண்டு.

படுகர் உழவு வேறு மாதிரி. கேத்திக்கு மேலே ஒரு ஹட்டியில் வயதான பாட்டி ஒருவரிடம் கேட்டேன், சாமை எத்தனை வருடம் ஒரே நிலத்தில் போடுவீர்கள் என்று. அவர் சிரித்தார். “ரெண்டு வருஷம் போடுவோம் தம்பி. அப்புறம் எருமைக்கு விட்டுருவோம். மூணாவது வருஷமும் ஆசைப்பட்டுப் போட்டா, போட்ட விதைச் சாமைகூடத் திரும்பாது.” எத்தனை வருடம் விடுவீர்கள் என்று கேட்டதற்கு, “அதுக்குக் கணக்கு ஏது? புல்லு பழைய புல்லா ஆகுற வரைக்கும்” என்றார்.

முதல் வகைத் தரிசு அதுதான். ஒரு சமயத்தில் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் கொஞ்சம்தான் உழவில் இருக்கும். மீதி, புல்லாக மாறிக்கொண்டிருக்கும் நிலத்தின் வெவ்வேறு கட்டங்கள். கதிருக்குச் சில்லைக் குருவிகள் வரும். அறுத்த தாளுக்கு நடுவே காடையும் வயல் நெட்டைக்காலியும். இரண்டாம் மூன்றாம் வருடத் தரிசில் பூச்செடிகள், அதற்குத் தேனீ. பிறகு பழைய புல், அதன் பறவை. உழுகிற நிலத்துக்கு மட்டும் வரி கட்டி மற்றதைக் கையில் வைத்துக்கொள்ள ஆரம்பத்தில் அரசும் அனுமதித்தது. முதல் கதிரைச் சாமிக்குப் படைக்கிற தெவ்வ ஹப்பா இன்றும் நடக்கிறது. படைக்கத் தானியம் வேண்டும் என்பதற்காகவே ஓரமாக ஒரு பாத்தி சாமை வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த உழவு புல்லைத் தொடவே இல்லை என்று சொல்லமாட்டேன். கிழக்குப் பகுதியில் நிறையப் புல்லும் சோலையும் அதற்குப் போனது உண்மைதான். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழி அந்த முறைக்குள்ளேயே இருந்தது.

மற்றத் தரிசு மேலே இருந்து வந்தது. உழாத நிலமெல்லாம் வீண் நிலம் என்று எழுதியாயிற்று. குளிருக்கு விறகு வேண்டும்; ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் 1843இல் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் கற்பூர மரம் என்பார்கள். வாட்டில் மரமும் அங்கிருந்துதான். ஊர்க்காரர்களுக்கு அது சீகை. வெள்ளைக்காரன் நட்டது கொஞ்சம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்கும் விஸ்கோஸ் என்ற செயற்கை இழைக்கான கூழுக்கும் என்று புல்வெளியில் ஹெக்டேர் ஹெக்டேராக நட்டது நாம். பக்கத்திலுள்ள பழனி மலையில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நாற்பதே வருடத்தில் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருப்பது தெரிந்தது. காடு அழியவில்லை, மரம் கூடியிருக்கிறது. போனது புல்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே விடை இருக்கிறது. கிளென்மார்கன் பக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு சிறு நீர்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் 1972இல் யூகலிப்டஸ் நட்டு, மண் நீர்வள ஆய்வு மையத்தார் வருடக்கணக்கில் ஓடைநீரை அளந்தார்கள். முழுவதும்கூட நடவில்லை, பாதிக்குச் சற்று மேல்தான். முதல் பத்து வருடத்தில் ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மறுதாம்பு வளர்ந்த அடுத்த சுற்றில் 25 சதவீதம். அதிகம் அடிபட்டது கோடைக்கால ஓட்டம், அதாவது தண்ணீர் நமக்கு உண்மையில் வேண்டிய சமயத்து ஓட்டம். பைக்காராவில் 1932இலேயே மின்நிலையம் அமைத்த மலை இது. குந்தா அணைகளும் இந்த ஓடைகளை நம்பித்தான் கட்டியவை. புல்லும் அதன் கீழ்ச் சதுப்பும் மழையை வாங்கி வைத்து மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. கீழே பவானிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, பலருக்கு அது தெரியாது.

உழவின் பக்கமும் தரிசு செத்தது. சல்லிவன் காலத்தில் வந்த உருளைக்கிழங்கு ஊட்டியை வாழவைத்தது, மேட்டுப்பாளையம் மண்டியையும் வாழவைத்தது. காசுப்பயிர் என்று ஆனபின் நிலத்தை யார் சும்மா விடுவார்கள்? 1961இல் உருளைக்கிழங்கு வேரில் முட்டைக்கூடு கட்டும் நூற்புழு இங்கே கண்டுபிடிக்கப்பட்டது, இந்தியாவிலேயே முதல்முறை. கூட்டுக்குள் முட்டைகள் மண்ணில் பல வருடம் உறங்கும், கிழங்கு நட்டதும் விழிக்கும். இதற்கு நல்ல வைத்தியங்களில் ஒன்று அதே நிலத்தில் சில வருடம் கிழங்கு நடாமல் இருப்பது. பாட்டியின் தரிசு அறிவும் அதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் ஓய்வு கொடுக்கிற வசதி அப்போது யாரிடமும் இல்லை. பலர் தேயிலைக்குப் போனார்கள்.

தேயிலைக்குத் தரிசே கிடையாது. நட்டால் ஐம்பது அறுபது வருடம், தாத்தா நட்டதைப் பேரன் கிள்ளுவான். மலையை ஒரே பச்சைத் துணியால் போர்த்திய மாதிரி அழகாக இருக்கும். சின்னான் குருவிகளும் சில புதர்ச்சிட்டுகளும் தவிர அந்தத் துணியில் உட்கார யாரும் வருவதில்லை. 1990களின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளத்தில் சதுப்புக்கு நடுவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கேரட்டும் பீட்ரூட்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த கறுப்பு மண் என்பதால் முதல் சில வருடம் கேரட் பிரமாதமாக வரும். அப்புறம் மூட்டை மூட்டையாக உரம். ஊட்டி கேரட்டின் ருசி என்று நாம் தின்றது கொஞ்சம் அழுகண்ணியின் வீடும்தான்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்வி: விவசாயத்தை நிறுத்திவிட்டால் பழையபடி ஆகுமா? கைவிட்ட நிலத்தில் இன்று பழைய புல் வருவதில்லை. சீகை வருகிறது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும், தீப்பட்டாலோ மண் புரண்டாலோ முளைக்கும். வெட்டிய சீகைக்காட்டில் அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், பயிர் விதைத்ததுபோல் நாற்று நிற்கும். ஒரு சதுர மீட்டரில் எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஐரோப்பியர்கள் ஊர் ஞாபகத்துக்கு வைத்த ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடியும் மேய்ச்சல் போன இடத்தில் புகுந்துவிடுகிறது. பார்க்க அழகுதான், படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். உள்ளே நுழைந்தால் ஒரு நெட்டைக்காலி கிடைக்காது.

சீகையை எல்லாம் ஒரே அடியாக வெட்டித்தள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் அதன் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. பனி படாத நிழல் அல்லவா? சோலைக்கு ஒட்டிய அந்த இடங்களை அப்படியே விட்டு, புல்வெளிக்குள் புதிதாகப் புகுந்துவரும் ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். எந்திரத்தை விட்டு மண்ணைப் புரட்டினால் உறங்கும் விதைக்கெல்லாம் நீங்களே பாய் சுருட்டி எழுப்பிவிட்டதாக ஆகும். கையால் பிடுங்கி, பக்கத்து நல்ல புல்வெளியிலிருந்து குத்துகளைப் பிரித்து நடுவதுதான் இதுவரை நன்றாக வேலை செய்திருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. முக்கூர்த்தி பக்கம் வேலை நடக்கிறது. ஒரு வருடத்தில் முடிகிற வேலை இல்லை, பத்து வருடமும் குனிந்து பிடுங்க ஆள் வேண்டும்.

பழைய உழவு திரும்புமா என்றால், முழுதாகத் திரும்பாது. சாமைக் கதிரைக் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் விட்டுவைக்காது, களை எடுக்கக் கூலி கட்டாது, இளையவர்கள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். எருமை வைத்திருக்கும் தோடர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் அந்த உழவின் ஒரு பழக்கம் மட்டும் திரும்பினால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேரட் போடும் பள்ளத்தில் ஓடைக்கரையோரச் சதுப்பை மட்டும் வடிக்காமல் விடலாம். நூற்புழு பிடித்த பாத்தியை இரண்டு மூன்று வருடம் புல்லுக்கு விட்டு அதில் மாடு கட்டலாம். அப்படி விடுகிறவருக்கு அந்த வருடத்து இழப்பை யாராவது ஈடுகட்ட வேண்டும். அணையில் தண்ணீர் பிடிக்கிறவர்களும் மின்சாரம் எடுக்கிறவர்களும் அதைத் தருவதில் என்ன அநியாயம் இருக்கிறது?

மரம் நடும் ஆசை உங்களுக்கு இருந்தால் குன்னூர் சாலையோரத்தில், பள்ளிக்கூட வளாகத்தில், ஏற்கெனவே சோலை அழிந்த மடிப்பில் நடுங்கள். மேட்டுப் புல்லில் வேண்டாம். சனிக்கிழமை வண்டி பிடித்து வந்து விதைப்பந்து வீசிவிட்டுப் போகிறவர்களிடம் ஒருமுறை கேட்டேன், உள்ளே என்ன விதை என்று. “நாட்டு மரம்தாங்க” என்றார்கள். உடைத்துப் பார்த்தால் வேப்பங்கொட்டை. பனியில் பிழைக்காது என்பதால் அன்றைக்குப் புல்வெளி தப்பித்தது.

நீங்கள் மறுபடி வருவதாக இருந்தால் மேல்பவானிக்கும் முக்கூர்த்திக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகமுடியாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் வராதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சாலைகள் காணாமல் போயின. செப்டம்பர் கடைசி நல்லது. முழங்காலில் போட்டுக்கொள்ளப் பழைய சாக்கு ஒன்று எடுத்துவாருங்கள், புல் ஈரமாக இருக்கும்.